அபின் குழாயோடு மோதிய ஆயர் ஈத்தாம் மருத்துவர் வூ லியன் தே

ஆயர் ஈத்தாம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கெக் லோக் சி ஆலயமும் கொடிமலை ரயிலும் சந்தைப் பக்கம் விற்ற லக்சாவும்தான் நினைவுக்கு வரும். அதே ஆயர் ஈத்தாமில், சோர் சின் கெங் சாலை வீடொன்றில், 1960ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் 80 வயது மருத்துவர் ஒருவர் பக்கவாதத்தால் காலமானார். ஓய்வுக்காலத்தைப் பிறந்த மண்ணில் கழிக்கலாம் என்று அந்த வீட்டை வாங்கியிருந்தார். அங்கு நெடுநாள் வாழ அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அவர் பெயர் டாக்டர் வூ லியன் தே. கோவிட் காலத்தில் நாம் எல்லோரும் முகக்கவசம் அணிந்து திரிந்தபோது இந்தப் பெயர் மீண்டும் பேசப்பட்டது. 1910ஆம் ஆண்டு மஞ்சூரியாவில் பரவிய கொள்ளைநோயை முகக்கவசமும் தனிமைப்படுத்தலும் கொண்டு அடக்கியவர் என்று உலகம் அவரை அறியும். ஆனால், அவருடைய முதல் போராட்டம் பினாங்கில்தான் நடந்தது. அந்தப் போராட்டம் ஒரு புகைக்குழாயை எதிர்த்தது. அதில் அவர் தோற்றார். நீதிமன்றத்தில் அபராதமும் கட்டினார். அந்தத் தோல்விதான் அவரைக் கடல் கடந்து அனுப்பியது.

தட்டார் வீட்டுப் பிள்ளை

1879ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் பினாங்கில் பிறந்தார் வூ லியன் தே. அந்நாளில் அவருடைய பெயர் ங்கோ லியன் டக் என்று எழுதப்பட்டது. தந்தை சீனாவின் குவாங்டோங் மாநிலத்திலிருந்து வந்து குடியேறிய பொற்கொல்லர். தாயார் இந்த மண்ணிலேயே பிறந்த சீனர் வழி வந்தவர். நகை வேலை செய்து பிழைத்த வீடு அது. பிள்ளைகளும் அதிகம்.

1816இல் தொடங்கப்பட்ட பினாங்கு பிரீ ஸ்கூலில் அவர் படித்தார். பின்னாளில் துங்கு அப்துல் ரஹ்மானும் பி.ரம்லியும் படித்த பள்ளி அது. 1896இல் மகாராணி உபகாரச் சம்பளம் அவருக்குக் கிடைத்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றப் பகுதிகள் முழுவதிலும் ஆண்டுக்கு ஓரிருவருக்கு மட்டுமே கிடைத்த உதவித்தொகை அது. தட்டார் வீட்டுப் பிள்ளை 17 வயதில் கப்பலேறி இங்கிலாந்து சென்றார்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எமானுவேல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு மருத்துவம் படித்த முதல் சீன வம்சாவளி மாணவர் அவரே. லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். பின்னர் லிவர்பூலில் வெப்பமண்டல நோய்களையும், ஜெர்மனியின் ஹாலே நகரிலும் பாரிஸின் பாஸ்டர் ஆய்வகத்திலும் கிருமியியலையும் கற்றார். மலேரியா கொசுவால் பரவுகிறது என்று கண்டறிந்த ரொனால்ட் ரோஸ் அப்போது லிவர்பூலில் பணியாற்றிக் கொண்டிருந்தார்.

மூடிய கதவு

1903இல் வூ தாயகம் திரும்பினார். கோலாலம்பூரில் இருந்த மருத்துவ ஆய்வுக் கழகத்தில் ஏறத்தாழ ஓராண்டு ஆய்வு செய்தார். அப்போது ஈயச் சுரங்கத் தொழிலாளர்களைக் கால் வீங்க வைத்துக் கொன்றுகொண்டிருந்த பெரிபெரி நோயும், வயிற்றுப் புழுக்களும் அவருடைய ஆய்வுப் பொருள்கள்.

இவ்வளவு படித்தவருக்கு அரசாங்க மருத்துவமனையில் உயர் பதவி கிடைக்கவில்லை. அன்றைய காலனி மருத்துவத் துறையில் இரண்டு படிகள் இருந்தன. மேல்படி வெள்ளையர்களுக்கு. இந்த மண்ணில் பிறந்தவர்கள், எந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றிருந்தாலும், கீழ்ப்படியோடு நின்றுவிட வேண்டியதுதான். படித்த பிள்ளைகளைத் தோட்டத்திலிருந்து கரையேற்றிய நம் முன்னோருக்கும் இந்தப் படிக்கட்டு தெரிந்த ஒன்றே.

எனவே, 1904இன் கடைசியில் வூ பினாங்குக்கே வந்து சூலியா ஸ்திரீட்டில் சொந்தமாக மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். சோழ மண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரைத் தாங்கிய தெரு அது. துறைமுகத்துக்கும் கடைத்தெருவுக்கும் நடுவில் இருந்ததால், மூட்டை தூக்குவோர், ரிக்‌ஷா இழுப்போர், கடைச் சிப்பந்திகள், முதலாளிகள் என எல்லா வகை மக்களும் நடமாடிய இடம். அந்த மக்களில் பலரின் வாழ்க்கையை ஒரு மூங்கில் குழாய் ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்தது.

சுங்கானும் அபின் குழாயும்

புகைக்குழாய் என்றால் நம்மவர்களுக்குத் தோட்டத்துத் துரைமார் வாயில் வைத்திருந்த சுங்கான்தான் கண்ணுக்குள் வரும். அந்தச் சுங்கானுக்கு இன்றும் உலகெங்கும் ரசிகர்கள் உண்டு. பத்து, ஐம்பது, நூறு என்று சேர்த்து வைப்பவர்களும் உண்டு. அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. எவ்வளவு பிடித்த சுங்கானாக இருந்தாலும் அதை நாள்தோறும் புகைக்க மாட்டார்கள். சுங்கான் செய்யப்படும் பிரையர் வேர்க்கட்டை புகையின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அது உலர வேண்டும். அதனால் ஒன்றைப் பிடித்தபின் ஒரு நாளாவது ஓய்வு கொடுத்து, அடுத்ததை எடுப்பார்கள். வாரத்தின் ஏழு நாள்களுக்கென்று ஏழு சுங்கான்களை ஒரே பெட்டியில் வைத்து விற்ற நிறுவனங்களும் இருந்தன. பெட்டியில் வைத்துப் பார்த்து மகிழ்வதற்கென்றே இருக்கும் சுங்கான்களும் பல. புகையிலையும் உடலுக்குக் கேடுதான். இருந்தாலும் எந்தக் குழாயை எப்போது எடுப்பது என்பது எடுப்பவர் கையில் இருந்தது.

அபின் குழாய் வேறு வகை. ஏறத்தாழ இரண்டடி நீளத்துக்கு மூங்கில் தண்டு. அதன் ஒரு முனை அடைபட்டிருக்கும். அந்த முனையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, சுட்ட மண்ணாலான குமிழ் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். குமிழின் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. கச்சா அபினைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, காய்ச்சிக் குழம்பாக்கினால் கிடைப்பதைச் சண்டு என்பார்கள். அந்தச் சண்டுவை ஊசி முனையில் தொட்டு, சிறு விளக்கின் மேல் காட்டிப் பதமாக்கி, பட்டாணி அளவு உருண்டையாக உருட்டித் துளைமேல் வைக்க வேண்டும். பிறகு ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, குமிழை விளக்கின் சூட்டில் பிடித்து ஆவியை இழுக்க வேண்டும். ஓர் உருண்டை ஒரு நிமிடம்கூடத் தாங்காது. உடனே அடுத்த உருண்டை.

செல்வர் வீட்டுக் குழாய்களில் தந்தமும் பச்சைக்கல்லும் வெள்ளிப் பூணும் இருந்தன. கூலியாளின் குழாய் வெறும் மூங்கில். ஆனால், பல ஆண்டுகள் சண்டு ஊறி நிறம் மாறிய பழைய மூங்கிலைத்தான் பழகியவர்கள் பெரிதும் விரும்பினார்கள். புதுக் குழாயைவிடப் பழைய குழாய்க்கு மதிப்பு அதிகம்.

வேலை முடிந்தபின் உடல்வலி தெரியாமல் இருக்கட்டும் என்று ஒரு மூங்கில் குழாயோடு தொடங்கும் பழக்கம் காலை, மதியம், இரவு என்று வளரும். நேரம் தவறினால் மூக்கும் கண்ணும் ஒழுகும், வயிறு புரட்டும், கைகால் குடையும். எப்போது பிடிப்பது என்பதை அதன்பின் குழாய்தான் முடிவு செய்யும். சம்பளத்தில் சண்டுக்குப் போனது போகத்தான் சோற்றுக்கு. அதுவும் முடியாத பரம ஏழைகள், மற்றவர் புகைத்தபின் குமிழுக்குள் ஒட்டியிருக்கும் கசண்டைச் சுரண்டி வாங்கிப் புகைத்தார்கள். அதிலும் போதைப்பொருள் மிச்சம் இருந்தது.

இது பழங்கதை என்று எண்ணத் தேவையில்லை. நம் காலத்தில் தாய்லாந்தில் வாழ்ந்த ஸ்டீவன் மார்ட்டின் என்ற அமெரிக்கர் பழைய அபின் குழாய்களையும் விளக்குகளையும் தேடித் தேடிச் சேர்த்தார். உலகின் பெரிய சேகரிப்புகளில் ஒன்று அவருடையது. அந்தக் குழாய்கள் எப்படி வேலை செய்தன என்று அறியும் ஆவலில் எப்போதாவது புகைத்துப் பார்த்தார். எப்போதாவது என்பது அடிக்கடி ஆயிற்று. கடைசியில் ஒரு நாளைக்கு 30 குழாய் வரை போய், தாய்லாந்தின் ஒரு புத்த மடத்தில் மறுவாழ்வு சிகிச்சை பெற வேண்டியதாயிற்று. 2012இல் வெளிவந்த தம் நூலில் இதை அவரே எழுதியிருக்கிறார். சேகரிப்பைப் பின்னர் ஒரு பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்துவிட்டார். சுங்கான் சேகரிப்பவர் தம் குழாய்களுக்கு முறை வைக்கலாம். அபின் குழாயிடம் அது நடக்கவில்லை.

அரசாங்கத்தின் கல்லாப்பெட்டி

வூ மருத்துவம் பார்த்த காலத்தில் அபின் விற்பனை சட்டப்படி நடந்தது. அதற்கு அபின் குத்தகை என்று பெயர். சண்டு காய்ச்சி விற்கும் தனியுரிமையை அரசாங்கம் மூன்றாண்டுக்கு ஒரு முறை ஏலம் விடும். அதிகப் பணம் தருவதாகச் சொல்லும் முதலாளிகள் கூட்டு சேர்ந்து அதை எடுப்பார்கள். பினாங்கில் அந்தக் கூட்டுகளில் பங்கு வைத்திருந்தவர்கள் ஊரின் பெரும் சீனக் குடும்பத்தார். நீரிணைக் குடியேற்றப் பகுதிகளின் வருமானத்தில் பல ஆண்டுகள் ஏறக்குறைய பாதி அபினிலிருந்தே வந்தது. சாலை போட்டதும் பாலம் கட்டியதும் அதிகாரிகளுக்குச் சம்பளம் கொடுத்ததும் அந்தப் பணத்தில்தான்.

கச்சா அபின் வந்தது இந்தியாவிலிருந்து. பீகாரிலும் காசி வட்டாரத்திலும் குடியானவர்கள் கசகசாச் செடி பயிரிட்டு, காயைக் கீறிப் பால் எடுத்து, பிரிட்டிஷ் அரசாங்கம் வைத்த விலைக்கே கொடுக்க வேண்டும். கல்கத்தாவில் ஏலம் போய், பெட்டி பெட்டியாகப் பினாங்குத் துறைமுகத்துக்கு வந்து இறங்கும். இந்தியக் குடியானவனின் உழைப்பும் சீனக் கூலியின் சம்பளமும் ஒரே கல்லாப்பெட்டியில் போய்ச் சேர்ந்தன. ஈயச் சுரங்கங்களில் சில முதலாளிகள் தொழிலாளிக்குச் சண்டுவைக் கடனாகக் கொடுத்து, சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். கடன் தீராது, ஆளும் போக முடியாது.

தோட்டத்துக் கள்ளுக்கடையை அறிந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சம்பள நாள் மாலையில் கள்ளுக்கடை வாசலில் கூட்டம் கூடும். வீட்டில் அடுப்பெரியாது. அந்தக் கடைகளும் அரசாங்க உரிமத்தோடு நடந்தவையே. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. அதற்கு ஏறத்தாழ 35 ஆண்டுகளுக்கு முன்பே, சீனர்கள் நடுவில் அதே போன்ற கோரிக்கையை எழுப்பியவர் வூ.

சங்கமும் மாநாடும்

நண்பர்களோடு சேர்ந்து பினாங்கில் அபின் எதிர்ப்புச் சங்கத்தை நிறுவினார் வூ. சிங்கப்பூரில் டாக்டர் லிம் பூன் கெங், சோங் ஓங் சியாங் போன்ற படித்த சீனர்கள் இதே கருத்தில் இருந்தார்கள். அவர்களோடு ஒரு பத்திரிகையின் ஆசிரியர் குழுவிலும் வூ பணியாற்றினார். அபின், பெண்கல்வி, தலையில் பின்னல் சடை வைக்கும் பழைய வழக்கம் ஆகியவை அந்தக் குழுவினர் விவாதித்த விஷயங்கள். லிம் பூன் கெங்கின் மனைவியுடைய தங்கை ரூத்தை 1905இல் வூ மணந்துகொண்டார்.

1906இல் நாட்டின் பல ஊர்களிலிருந்தும் பேராளர்களை வரவழைத்து அபின் எதிர்ப்பு மாநாடு ஒன்றை அவர் கூட்டினார். ஏறத்தாழ 2,000 பேர் கலந்துகொண்டார்கள். 27 வயது மருத்துவர் ஒருவர் தம் சமூகத்தின் பெரும் பணக்காரர்களையும் அரசாங்கத்தின் வருமானத்தையும் ஒரே நேரத்தில் எதிர்த்து நின்றார்.

அந்த ஓரிரு ஆண்டுகளில் மலாயா முழுவதும் ஓர் எழுச்சி இருந்தது. காட்டில் வளரும் கொடி ஒன்றின் இலையை வறுத்துக் காய்ச்சிக் குடித்தால் அபின் பழக்கம் விட்டுப் போகும் என்று செய்தி பரவியது. அபின் எதிர்ப்புச் சங்கங்கள் அந்தக் கசாயத்தை இலவசமாக வழங்கின. புட்டிகளை ஏந்திக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் வந்து நின்றார்கள். அந்த இலைக்குப் பெரிய மருத்துவ ஆற்றல் இல்லை என்று பின்னால் தெரிய வந்தது. ஆனாலும் ஓர் உண்மை அதில் வெளிப்பட்டது. புகைத்தவர்களில் பலர் விட்டுவிடத்தான் விரும்பினார்கள். வழிதான் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஒரு அவுன்ஸ்

எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. 1907இல் வூவின் மருந்தகத்தில் சோதனை நடந்தது. அங்கு அபின் கலந்த டிங்சர் ஒரு அவுன்ஸ் கண்டெடுக்கப்பட்டது. வயிற்றுப்போக்குக்கும் வலிக்கும் அக்கால மருத்துவர்கள் எல்லோரும் கொடுத்த மருந்து அது. உரிய உரிமம் இல்லாமல் வைத்திருந்தார் என்று வழக்குத் தொடரப்பட்டது. நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து அபராதம் விதித்தது.

ஊரில் பெட்டி பெட்டியாக அபின் இறங்கிக்கொண்டிருந்தது. சண்டுக் கடைகள் விளக்கேற்றித் திறந்திருந்தன. அவற்றை மூடச் சொன்ன மருத்துவர் ஒரு அவுன்ஸ் மருந்துக்காகத் தண்டிக்கப்பட்டார். அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழு 1908இல் அபினைத் தடை செய்யத் தேவையில்லை என்ற முடிவுக்கு வந்தது. 1910 முதல் குத்தகைக்காரர்களை விலக்கிவிட்டு, சண்டு காய்ச்சி விற்கும் தொழிலை அரசாங்கமே நேரடியாக எடுத்துக்கொண்டது.

பினாங்கில் இனித் தமக்கு இடமில்லை என்று வூவுக்குத் தோன்றிய நேரத்தில் சீனாவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. தியன்சின் நகரில் இருந்த இராணுவ மருத்துவக் கல்லூரிக்குத் துணைத் தலைவராக வரும்படி, அங்கு செல்வாக்கோடு இருந்த யுவான் ஷிகாய் அழைத்தார். 1908இல் வூ அங்கு பொறுப்பேற்றார். பினாங்கில் ஆங்கிலக் கல்வி பெற்று வளர்ந்தவருக்கு மாண்டரின் மொழி சரளமாக வராது. 29 வயதில் அதைப் புதிதாகக் கற்கத் தொடங்கினார்.

ஹார்பின் நகரில்

1910ஆம் ஆண்டின் கடைசியில் மஞ்சூரியாவில் ஒரு கொள்ளைநோய் பரவியது. தார்பகான் என்ற ஒருவகைப் பெரிய அணிலின் தோலுக்கு அப்போது நல்ல விலை. அனுபவமில்லாத ஏழைக் கூலிகள் கூட்டம் கூட்டமாக அவற்றை வேட்டையாடப் போனார்கள். நோயுற்ற விலங்குகளிடமிருந்து நோய் அவர்களுக்குத் தொற்றியது. பிறகு ரயில் பாதை வழியே ஊர் ஊராகப் பரவியது. சீனப் புத்தாண்டுக்கு ஊர் திரும்பும் தொழிலாளர்கள் நெருக்கியடித்துப் பயணம் செய்த நேரம் அது. நோய் கண்டவர் யாரும் பிழைக்கவில்லை.

டிசம்பர் 24ஆம் நாள் கடுங்குளிரில் வூ ஹார்பின் நகரை அடைந்தார். இறந்த ஒரு ஜப்பானியப் பெண்ணின் உடலை மறைவாக அறுத்துப் பரிசோதித்தார். பிணத்தை அறுப்பது அன்றைய சீன வழக்கத்துக்கு ஒவ்வாத செயல். நுரையீரலில் கொள்ளைநோய்க் கிருமி நிறைந்திருந்தது. எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் இந்த நோயைப் பரப்பும் என்று அதுவரை நம்பப்பட்டது. இது மனிதர் விடும் மூச்சின் வழியே மனிதருக்குப் பரவுகிறது என்று வூ சொன்னார்.

மெல்லிய துணி மடிப்புகளுக்கு நடுவில் பஞ்சு வைத்துத் தைத்த முகக்கவசத்தை மருத்துவர்களும் தாதியரும் காவலர்களும் அணிய வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அவரைவிட அனுபவத்தில் மூத்த பிரெஞ்சு மருத்துவர் மெனி இதை ஏற்கவில்லை. கவசம் இல்லாமல் நோயாளிகளைப் பார்த்தார். சில நாள்களில் அதே நோயால் இறந்தார். அதன்பின் கவசம் அணிய மறுத்தவர்கள் இல்லை.

வூ நகரை நான்கு வட்டாரங்களாகப் பிரித்தார். நோயாளிகளோடு பழகியவர்களைச் சரக்கு ரயில் பெட்டிகளில் தனிமைப்படுத்தினார். நிலம் உறைந்து போனதால் புதைக்க முடியாமல் 2,000க்கும் மேற்பட்ட உடல்கள் வெளியில் கிடந்தன. முன்னோரை எரிப்பதைப் பாவமாகக் கருதிய மக்களிடையே, அரச அனுமதி பெற்று அந்த உடல்களை எரியூட்டினார். சாவு எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. 1911 மார்ச் தொடக்கத்தில் அந்த வட்டாரத்தில் புதிய நோயாளி இல்லை என்ற நிலை வந்தது. மஞ்சூரியா முழுவதும் அதற்குள் ஏறத்தாழ 60,000 பேர் இறந்திருந்தார்கள்.

அதே ஆண்டு ஏப்ரலில் முக்டன் நகரில் 11 நாட்டு அறிவியலாளர்கள் கூடிய அனைத்துலகக் கொள்ளைநோய் மாநாடு நடந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் வூ. பினாங்கு மருத்துவத் துறையில் மேல்படி ஏற அனுமதிக்கப்படாதவர், ஐரோப்பிய நிபுணர்கள் அமர்ந்த அவையில் தலைவர் நாற்காலியில் இருந்தார். அப்போது அவருக்கு வயது 32.

மீண்டும் அபின்

புகழ் வந்தபின் அவர் பழைய பகையை மறந்துவிடவில்லை. 1911 டிசம்பரில் நெதர்லாந்தின் ஹேக் நகரில் அனைத்துலக அபின் மாநாடு தொடங்கியது. அதில் சீனப் பிரதிநிதிகளில் ஒருவராக வூ கலந்துகொண்டார். 1912 ஜனவரி 23ஆம் நாள் அங்கு கையெழுத்தான உடன்படிக்கைதான், போதைப்பொருளைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட முதல் உடன்படிக்கை. தண்டிக்கப்பட்டு ஐந்தாண்டுகூட ஆகாத நிலையில், அதே அபின் விவகாரத்துக்கு உலக அரங்கில் ஒரு நாட்டின் பிரதிநிதியாக அவர் அமர்ந்தார்.

1919 ஜனவரியில் சீன அரசு வெளிநாட்டு வணிகர்களிடமிருந்து வாங்கிய 1,200க்கும் மேற்பட்ட அபின் பெட்டிகளை ஷாங்காயில் பொதுமக்கள் முன்னிலையில் எரித்தது. அரசின் சார்பில் அந்த எரிப்பைக் கண்காணித்தவர்களில் வூவும் ஒருவர். அந்த ஆண்டுகளில் சீனாவின் பல ஊர்களில் அபின் குழாய்களையும் விளக்குகளையும் குவித்துக் கொளுத்தினார்கள். விலை உயர்ந்த தந்தக் குழாயும் கூலியாளின் மூங்கிலும் ஒரே நெருப்பில் போயின. இன்று பழைய அபின் குழாய்கள் அரிதாகிப் போனதற்கும், சேகரிப்பாளர்கள் அவற்றுக்குப் பெரும் விலை கொடுப்பதற்கும் இதுவே காரணம்.

சீனாவில் 29 ஆண்டுகள் பணியாற்றினார் வூ. மருத்துவமனைகளை எழுப்பினார். சீன மருத்துவச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். 1930 முதல் துறைமுகங்களின் தடுப்புக் காவல் துறையை நடத்தினார். 1935இல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. மலாயாவில் பிறந்தவர்களில் அந்தப் பெருமை முதலில் அவருக்கே கிடைத்தது.

இழப்பும் அந்த ஆண்டுகளில்தான் நேர்ந்தது. மனைவி ரூத்தையும் மூன்று மகன்களில் இருவரையும் சீன மண்ணிலேயே பறிகொடுத்தார். பிற்பாடு மறுமணம் செய்துகொண்டார். 1937இல் ஜப்பானியர் படையெடுப்பில் ஷாங்காயில் இருந்த அவருடைய வீடு குண்டுவீச்சுக்கு இரையானது. 58 வயதில் வெறுங்கையோடு மலாயா திரும்பினார்.

ஈப்போ மருத்துவர்

உலகப் புகழ் பெற்றவர் ஈப்போவில், புரூஸ்டர் சாலையில், ஒரு கடைவீட்டில் சாதாரண மருத்துவராகப் பலகை மாட்டினார். இன்று சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை என்று அழைக்கப்படுவது அந்தச் சாலைதான். ஏழைகளிடம் அவர் கட்டணம் வாங்கியதில்லை. சிகிச்சைக்குத் தொலைவிலிருந்தும் மக்கள் வந்தார்கள். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களும் ரப்பர் தோட்டங்களும் சூழ்ந்த ஊர் அது.

போர்க்காலத்திலும் அவருக்கு நிம்மதி இல்லை. 1943இல் காட்டிலிருந்த எதிர்ப்புப் படையினர் அவரைப் பிடித்துச் சென்று பணயத்தொகை கேட்டார்கள். பணம் கொடுத்து மீண்டு வந்ததும், எதிரிக்கு உதவினார் என்று ஜப்பானியர் அவரைச் சந்தேகித்தார்கள். முன்பு அவரிடம் சிகிச்சை பெற்ற ஜப்பானிய அதிகாரி ஒருவர் இருந்ததால் தப்பினார்.

போருக்குப் பின் ஈப்போவில் பொதுமக்களுக்கான இலவச நூல்நிலையம் வேண்டும் என்று நன்கொடை திரட்டினார். பேராக் நூல்நிலையம் அப்படி உருவானது. இன்று அது துன் ரசாக் நூல்நிலையம்.

அவர் கேட்ட தடையும் அந்தப் போரோடுதான் வந்தது. 1943 நவம்பரில், கிழக்காசியக் காலனிகளுக்குத் திரும்பும்போது அபின் புகைப்பதை முற்றாகத் தடை செய்யப்போவதாக பிரிட்டிஷ் அரசாங்கம் அறிவித்தது. போர் முடிந்து அவர்கள் வந்தபோது அரசாங்கச் சண்டுக் கடைகள் மீண்டும் திறக்கப்படவில்லை. பினாங்கில் மாநாடு கூட்டிப் பேசிய இளைஞருக்கு அப்போது 66 வயது. இடையில் கழிந்த ஏறத்தாழ 40 ஆண்டுகளில் எத்தனை குடும்பங்கள் அந்தக் குழாய் வழியே கரைந்து போயின என்பதற்குக் கணக்கு இல்லை.

கடைசி வீடு

80 வயது வரை வூ மருத்துவம் பார்த்தார். 1959இல் 667 பக்கங்கள் கொண்ட தம் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதன்பின் ஈப்போவை விட்டுப் பினாங்கு வந்து ஆயர் ஈத்தாம் வீட்டில் குடியேறினார். அவர் பிறந்த தெருக்களிலிருந்தும், பட்டம் பெற்று வந்து பலகை மாட்டிய சூலியா ஸ்திரீட்டிலிருந்தும் சில மைல் தூரம்தான். சில வாரங்களில் மரணம் அவரை அழைத்துக்கொண்டது.

பினாங்கு பிரீ ஸ்கூலுக்கு அருகே ஒரு குடியிருப்புக்கும், ஈப்போ கார்டன் பகுதியில் ஒரு சாலைக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. ஹார்பினில் அவருக்கு நினைவகம் உண்டு. 2021 மார்ச் 10ஆம் நாள், அவருடைய 142ஆவது பிறந்தநாளில், கூகல் தன் முகப்பில் அவர் படத்தை வெளியிட்டது.

அபின் குழாய்கள் இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டன. அவற்றின் இடத்தில் வேறு பொருள்கள் வந்துவிட்டன. கள்ளச் சாராயமும் மாத்திரையும் பொடியும் நம் கம்பங்களையும் அடுக்குமாடி வீடுகளையும் விட்டுவைக்கவில்லை. பிள்ளையைத் தொலைத்த தாய்மார்கள் எல்லா இனத்திலும் இருக்கிறார்கள். விட்டுவிட விரும்புகிறவருக்கு வழி காட்ட வேண்டும், விற்றுப் பிழைப்பவரைத் தட்டிக் கேட்க வேண்டும் என்பதே 1906இல் வூ கேட்டது. இரண்டையும் சேர்த்துக் கேட்டதற்காகத்தான் அவர் அந்த அபராதத்தைக் கட்டினார்.